வடசென்னையில் மரம் வைக்கப் போகிறீர்களா? முதலில் மண்ணைப் பாருங்கள்

நர்சரிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் கேட்கும் முதல் கேள்வி, "சீக்கிரமா வளர்ற மரம் எது இருக்கு?" என்பதுதான். வடசென்னையில் வைத்த கன்று முதல் கோடையிலேயே கருகுவதற்கும், தப்பிப் பிழைத்தது பத்தாம் வருடம் காம்பவுண்டு சுவர் மேல் சாய்வதற்கும் பல நேரம் இந்தக் கேள்விதான் தொடக்கம். இங்கே மரம் வைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு: மழைக்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், ஊற்றப்போகும் தண்ணீரில் உப்பு எவ்வளவு, மரத்துக்கு எத்தனை அடி இடம் விட முடியும். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்த மரம் என்பது அநேகமாக முடிவாகிவிடும். பூ, வாசனை, நிழல் எல்லாம் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறான கணக்கையும் ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. சென்னையில் வருடம் முழுக்கப் புழுக்கம் இருக்கிறது. அதனால் கேரளத்தில் வளர்வதெல்லாம் இங்கேயும் வளரும் என்று ரம்புட்டானும் ஜாதிக்காயும் வாங்கி வருகிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் மண்ணிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரியிலிருந்து மே வரை பெரிதாக ஒன்றும் பெய்யாது. ஆகவே இங்கே வைக்கும் மரம் இரண்டு மாதம் வேர் நனைந்து நிற்கவும் வேண்டும், ஐந்து மாதம் வறட்சியைத் தாங்கவும் வேண்டும். இடையில் புயல் வேறு. இத்தனையையும் தாங்கும் மரங்கள் நம் கரையிலேயே இருக்கின்றன.

நெய்தலா, மருதமா, ரப்பீஷா

பழைய திணைப் பெயர்களை வைத்தே வடசென்னை மண்ணைப் பிரித்துவிடலாம். ஏறக்குறைய பக்கிங்காம் கால்வாயைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிழக்கே காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் மணல், இது நெய்தல். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது; உப்புக் காற்று அடிக்கும். கால்வாய்க்கு மேற்கே வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, மாதவரம், கொளத்தூர் பக்கம் களிமண்ணும் ஏரி மண்ணும் அதிகம், இது மருதம். காய்ந்தால் கடப்பாரை இறங்காது, நனைந்தால் வாரக்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். நெய்தலுக்குப் புன்னை, மருதத்துக்கு மருத மரம் என்று அந்தத் திணைகளிலேயே விடையும் இருக்கிறது.

மூன்றாவது வகைதான் தொல்லை: மேடாக்கிய மனை. பள்ளமான இடத்தை இடித்த கட்டடத்தின் ரப்பீஷும் சவுடு மண்ணும் போட்டு நிரப்பியிருப்பார்கள். மேலே பார்த்தால் நல்ல மண்ணாகத் தெரியும். ஒன்றரை அடிக்குக் கீழே செங்கல், சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு. இந்த மண்ணில் சுண்ணாம்பு ஏறிப் போயிருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணில் நடும் கன்றின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடமெல்லாம் வெளிறி வரும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டவிடாது. உரம் போட்டு இதைச் சரிசெய்ய முயல்வது வீண்செலவு. குழியைப் பெரிதாகத் தோண்டி, ரப்பீஷை முழுக்க வெளியே அள்ளிப் போட்டுவிட்டு வேறு மண் நிரப்புவதுதான் வழி.

மண்ணை அறிய ஒரு சோதனை போதும். ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி. தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். முதல் முறை ஊற்றியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காய்ந்த மண் உறிஞ்சிக்கொண்டதைத்தான் அது காட்டும். ஒரு அங்குலமும் அதற்கு மேலும் இறங்கினால் எந்த மரமும் வைக்கலாம். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வேம்பு, சரக்கொன்றை, பவளமல்லி, முருங்கை ஆசையை அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். நிரப்பிய கையோடு தண்ணீர் காணாமல் போனால் அது கடல் மணல். வடிகால் கவலை இல்லை, தண்ணீர் பிடித்து வைப்பதுதான் கவலை.

தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்குச் சோதனைகூட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது தெருவில் தண்ணீர் எங்கே நின்றது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயிண்ட் அடிக்காத சுவராக இருந்தால் அதன் கறையே தெரியும். அந்தக் கறை நடும் இடத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் இருந்தால், நீர் தாங்கும் மரங்களை மட்டும் எண்ணுங்கள்.

ஊற்றப்போகும் தண்ணீர்

கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உப்பு என்பதைத்தான் யாரும் அளப்பதில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்ய வருகிறவரிடமும் இருக்கும். மே மாதத்தில் அளந்து பாருங்கள். மழை முடிந்ததும் அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

மீட்டர் காட்டும் பி.பி.எம். என்பது ஏறக்குறைய ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு என்ற கணக்கு. 500 பி.பி.எம். வரை எந்த மரத்துக்கும் ஊற்றலாம். 500 முதல் 2,000 வரை உப்பு தாங்கும் மரமாகப் பார்த்து வைத்து, ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல் ஒரே தடவையில் நிறைய ஊற்ற வேண்டும். அப்போதுதான் உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கும். தினமும் ஒரு மக் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் மேல் மண்ணில் தங்கும். கன்றைச் சுற்றி மண் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்பளத்தின் மேல் படிந்த மாவு மாதிரி. அது அப்படிச் சேர்ந்ததுதான். 2,000-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் புதுக் கன்று வைக்காதீர்கள். மெட்ரோ வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அல்லது மழைக்கு முன்பே நட்டு, மழைத் தண்ணீரில் வேர் பிடிக்கவிடுங்கள்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வழியும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது நல்ல சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வீட்டைத் துடைக்கலாம்; கன்றுக்கு வேண்டாம். சோப்புத் தூள் கலந்த துணி துவைத்த தண்ணீரும் அப்படியே. அதிலுள்ள சோடியம் களிமண்ணை மேலும் கெட்டியாக்கும். மாறாக, ஏ.சி. பைப்பிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. புழுக்கமான நாளில் ஒரு வாளி வரை சேரும். கோடையில் ஒரு கன்றைக் காப்பாற்ற அதுவே பாதி போதும்.

இடத்தை அளப்பது

டேப்பை எடுத்து நான்கு அளவு குறித்துக்கொள்ளுங்கள்: சுவரிலிருந்து தூரம், கழிவுநீர்க் குழாய் அல்லது செப்டிக் டேங்க்கிலிருந்து தூரம், தலைக்கு மேலே இ.பி. லைன் எத்தனை அடியில் போகிறது, நட்ட பின் மரத்தடியில் சிமெண்ட் போடாமல் விடக்கூடிய மண் எவ்வளவு. 12 அடிக்குள் நிற்கும் சிறு மரத்துக்குச் சுவரிலிருந்து 5 அடி போதும். 25, 30 அடி வளரும் மரத்துக்கு 12 அடி வேண்டும். மருது, நாவல் போன்ற பெருமரத்துக்கு 25 அடியாவது விட முடியவில்லை என்றால் அதைப் பூங்காவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் ஏரிக்கரைக்கும் விட்டுவிடுங்கள். குழாய்க்குப் பக்கத்தில் 10 அடிக்குள் எதையும் வைக்க வேண்டாம். வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. ஏற்கெனவே ஒழுகும் ஜாயிண்ட்டைத் தேடி வந்து நுழைகிறது. ஆனால் நம் தெருக்களில் ஒழுகாத பழைய குழாய் ரொம்பக் குறைவு.

மரத்தடி மண்தான் பலர் மறப்பது. குறைந்தது 4-க்கு 4 அடி திறந்த மண் இல்லாமல் எந்த மரமும் நேராக நிற்காது. அடிமரத்தை ஒட்டிக் காங்கிரீட் போட்ட மரங்களை நடைபாதைகளில் பார்க்கலாம். மரம் பருத்து வர, காங்கிரீட்டின் விளிம்பு பட்டைக்குள் புதைந்து, கழுத்தில் கயிறு இறுக்கியது மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மழைத்தண்ணீரும் காற்றும் உள்ளே போகாததால் வேர் கீழே இறங்காமல் காங்கிரீட்டுக்கு அடியிலேயே தட்டுப்போலப் பரவும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. குல்மோஹர், தூங்குமூஞ்சி, இயல்வாகை போல வேகமாக வளர்ந்து அகலமாகப் படரும் மரங்களும், வடிகால் தோண்டும்போது ஒருபக்க வேர் வெட்டுப்பட்ட மரங்களும் அப்படிப்பட்ட காற்றில் முதலில் போகும்.

எந்த மண்ணுக்கு எந்த மரம்

கடலோர மணலுக்கு முதல் மரம் புன்னை. தடித்த, பளபளப்பான இலை. உப்புக் காற்றைப் பொருட்படுத்தாது. வருடம் முழுக்கப் பச்சை. கிளை வலுவானது, காற்றில் எளிதில் முறியாது. மெதுவாக வளரும் என்பதுதான் ஒரே குறை. முதல் மூன்று வருடம் ஒரு அடி, ஒன்றரை அடி என்றுதான் ஏறும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். கிளை கெட்டியாக இருப்பதும் அதனால்தான். கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டைக் காய் விழும். கார் நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டாம்.

பூவரசு அடுத்தது. மணலும் தாங்கும், களிமண்ணும் தாங்கும், உப்பும் தாங்கும். வடசென்னைக்கு ஒரே ஒரு மரம்தான் சொல்லலாம் என்றால் பூவரசைச் சொல்லலாம். காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரிகிற பூ, சாயங்காலத்துக்குள் செம்மஞ்சளாகி, மறுநாள் கருஞ்சிவப்பாக வாடி மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே கிளையில் மூன்று நிறமும் பார்க்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பெரிய போத்து (தடித்த கிளைத்துண்டு) வெட்டி நட்டால் ஒரே வருடத்தில் நிழல் கிடைக்கும் என்று பலர் அப்படி நடுகிறார்கள். போத்திலிருந்து வளரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. ஏழெட்டு வருடத்தில் தலை கனத்து, மழையில் மண் இளகியதும் சாயும். வேலிக்குப் போத்து போதும். வீட்டோரத்துக்கு விதைக் கன்றாகவே வாங்குங்கள்.

மூன்றாவது மகிழம். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தல மரம் இதுதான். சங்கிலி நாச்சியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில் என்பது தலபுராணம். இந்த மண்ணில் இந்த மரம் எப்படி நிற்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடர்ந்த குடை, உறுதியான கிளை, காய்ந்த பின்னும் வாசம் போகாத பூ. தெருவோரத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இதற்கு இணை சொல்வது கடினம். நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் மட்டும் வேண்டாம். மணலில் வேம்பும் நன்றாக வரும். தென்னையும் உப்பைத் தாங்கும், ஆனால் ஆள் நடமாடும் இடத்தில் காய் விழும் ஆபத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் நிற்கும் களிமண்ணில் இடம் தாராளமாக இருந்தால் நீர்மருது. வெளிறிய, வழவழப்பான அடிமரம், நூறு பேர் நிற்கும் நிழல். பூங்காவுக்கு நீர்க்கடம்பும் நல்லது. நடுத்தர இடத்துக்கு மாவிலிங்கம். கோடைத் தொடக்கத்தில் இலை உதிர்த்து, வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகப் பூத்து நிற்கும். இந்த மரம் நர்சரிகளில் அதிகம் கேட்கப்படாததால் அதிகம் வளர்க்கப்படுவதில்லை, கேட்டு வரவழையுங்கள். நாவல் நீர் தாங்கும் என்றாலும் ஜூன், ஜூலையில் தரையெல்லாம் ஊதாக் கறை. வாசலுக்கு வேண்டாம், தோட்டத்துக்குச் சரி.

புங்கத்தை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதே கேள்வி. வெள்ளம், வறட்சி, உப்பு மூன்றையும் ஓரளவு தாங்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்த்த வேகத்தில் தளிர்விட்டு, வெயில் ஏறும்போது முழு நிழலோடு நிற்கும். இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவது சிலந்திப்பேன் வேலை. மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மருந்து அடிக்க வேண்டாம். விதை தின்னக் கூடாதது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெருக்கி எடுத்துவிடுங்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் கனரக லாரி ஓடும் சாலையை ஒட்டி வீடு என்றால் இலையையும் பார்க்க வேண்டும். புன்னை, மகிழம் போன்ற வழவழப்பான இலையில் படியும் தூசியை ஒரு மழை கழுவிவிடும். பவளமல்லி மாதிரி சொரசொரப்பான இலையில் அது அப்பிக்கொள்ளும்.

பாதிப்பேருக்கு இருப்பது 20 அடி அகல மனையில் வாசலோரம் ஆறடி இடம், அதற்கு மேலே இ.பி. லைன். இங்கே பெரிய மரத்தை வைத்து வருடாவருடம் தலையை வெட்டுவது மரத்துக்கும் கேடு, லைனுக்கும் கேடு. தண்ணீர் வடியும் இடமானால் பவளமல்லி, நந்தியாவட்டை, மாதுளை, எலுமிச்சை. கொஞ்சம் உயரம் விட முடியும் என்றால் மந்தாரை அல்லது மஞ்சணத்தி. லைன் இல்லாத, ஒடுங்கிய இடத்தில் நெட்டிலிங்கம் நட்டால் தூண் மாதிரி மேலே போகும். இதைத்தான் அசோக மரம் என்று விற்கிறார்கள். உண்மையான அசோகம் ஆரஞ்சுப் பூ கொத்தாகப் பூக்கும் வேறு மரம். அதற்கு நிழலும் நல்ல தண்ணீரும் வேண்டும், கடலோரத்துக்கு ஆகாது.

வேண்டாதவற்றையும் பெயர் சொல்லியே சொல்ல வேண்டும். அரசும் ஆலும் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் மட்டும். குல்மோஹர், தூங்குமூஞ்சி இரண்டும் பெரிய மைதானத்துக்கு. பாதாம் எனப்படும் நாட்டுவாதுமை உப்பைத் தாங்கும், ஆனால் உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் உதிர்ந்து, மழை நாளில் வடிகால் ஜல்லடையை மூடிவிடும். தெரு முழுக்கத் தண்ணீர் நிற்க அது ஒன்றே போதும். ஏழிலைப்பாலையின் இரவு வாசம் பலருக்கு மூச்சுத் தொந்தரவு தருகிறது; ஜன்னலோரம் வைக்காதீர்கள். அரளி முழுக்க விஷம். பச்சைச் சுவர் மாதிரி வளரும் கோனோகார்பஸை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். குழாயைத் தேடிப் போகும் வேரும், மகரந்த ஒவ்வாமைப் புகார்களும் காரணமாகக் குஜராத் அரசு 2023-ல் அதை நடத் தடை விதித்தது.

கன்று வாங்கும்போது

உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பத்தடி உயரம், பென்சில் தடிமன் என்றால் நர்சரி நிழலில் நெருக்கி வைத்து இழுத்து வளர்த்தது. குச்சி கட்டாமல் நிற்காது. ஐந்தாறு அடி உயரத்தில், அடியில் கட்டைவிரல் தடிமன் உள்ள கன்று சரி. உச்சி வெட்டுப்படாமல் ஒரே நடுத்தண்டாக இருக்க வேண்டும்.

அடுத்து பை. அடியில் பையைக் கிழித்துக்கொண்டு தடித்த வேர் தரைக்குள் போயிருந்தால், தூக்கும்போது அந்த வேர் அறுந்துதான் உங்கள் கைக்கு வருகிறது. ஒரு கன்றையாவது பையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் மண்கட்டியைச் சுற்றிச் சுற்றிச் சும்மாடு மாதிரி முறுக்கியிருந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். நட்ட பிறகு அந்த வேர் விரிந்து கொடுக்காது. சுற்றியபடியே பருத்து, பத்து வருடம் கழித்துத் தன் அடிமரத்தையே நெரிக்கும். அதற்குள் நீங்கள் எல்லாத் தண்ணீரும் ஊற்றி முடித்திருப்பீர்கள்.

நடும் காலமும் முறையும்

மணலில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் நடலாம். களிமண் பள்ளத்தில் ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். மாலை மழையில் வேர் ஓடி, பெருமழைக்கு முன் பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் அங்கே நட்டால் வேர் ஓடும் முன்பே அழுகும். தவறவிட்டால் ஜனவரி வரை பொறுத்திருந்து நடுங்கள், ஆனால் அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு உங்களுடையது.

குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். ரப்பீஷ் மனையானால் ஆழம் 3 அடி. ஆழத்தைவிட அகலம் முக்கியம், வேர் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடும். வட்டக் குழியைவிடச் சதுரக் குழி நல்லது. மூலை வழியாக வேர் வெளியேறும். ஒரு வாரம் காயவிடுங்கள்.

மணல் குழியில், இளநீர்க் கடையில் கிடைக்கும் மட்டைகளைக் குழிவு மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்புங்கள். அதன் மேல் பாதி மணலும் பாதி செம்மண்ணும் கலந்து, கொத்தனார் சட்டியில் நான்கு சட்டி மக்கிய எருவும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேருங்கள். பச்சைச் சாணம் கூடாது. மக்கும்போது சூடேறி வேரைக் கருக்கும், கரையானையும் கூப்பிடும்.

களிமண்ணில் இதற்கு நேர்மாறு. வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து குழியை நிரப்பினால், சுற்றிலும் களிமண் சுவர், நடுவில் இளகிய மண். அது ஓட்டையில்லாத தொட்டி. மழைத்தண்ணீர் எல்லாம் அதில் வந்து தேங்கும். ஆகவே எடுத்த மண்ணையே இரண்டு சட்டி எருவோடு திருப்பிப் போடுங்கள். காய்ந்தால் கல்லாகிற மண் என்றால் ஒரு கிலோ ஜிப்சம் கலக்கலாம். முக்கியமாக, கன்றைத் தரைமட்டத்தில் நடாமல், ஒரு அடி உயரம், ஐந்தடி அகலத்துக்கு மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள். அந்த ஒரு அடிதான் வேரின் கழுத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும்.

பையைப் பிளேடால் கிழித்து முழுக்க எடுத்துவிடுங்கள். அடியை மட்டும் வெட்டிவிட்டுப் பையோடு நடுவது கன்றைச் சிறையில் வைப்பது. தண்டு வேராக மாறும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். அதை நான்கு விரல் ஆழம் புதைத்துவிட்டால் பட்டை அழுகி, இரண்டு மூன்று வருடம் கழித்துக் காரணம் தெரியாமல் மரம் காயும். மண்ணைக் கையால் அமுக்குங்கள், காலால் மிதிக்காதீர்கள். மாலையில் நட்டு அப்போதே இரண்டு குடம் ஊற்றுங்கள்.

தாங்கு குச்சி இரண்டு, கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருபுறமும். பழைய பருத்தித் துணியை எட்டுப் போல முறுக்கி, கன்றின் பாதி உயரத்தில் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் கொஞ்சம் அசைந்தால்தான் அடிமரம் பருக்கும். நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் பட்டையை அறுக்கும். ஒரு வருடத்தில் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். ஆடு மாடு மேயும் தெரு என்றால் இரும்புக் கூண்டு தேவைதான். மரம் கூண்டைத் தொடும் முன் அதை எடுப்பதும் தேவை.

முதல் இரண்டு வருடம்

ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். மழையில்லாத நாளில் மணலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு குடம். களிமண்ணில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம். ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரம் பட்டால் அன்று வேண்டாம். இரண்டாம் வருடம் ஊற்றும் அளவைக் கூட்டி, இடைவெளியை ஒரு வாரமாக நீட்டுங்கள். அப்போதுதான் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். கன்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் பாத்தியையும் கன்று வளர வளர அகலமாக்குங்கள். தண்டை ஒட்டி ஊற்றுவதால் பயனில்லை, உறிஞ்சும் வேர்நுனி கிளை நிழலின் ஓரத்தில் இருக்கிறது.

மண் மேல் மூன்று அங்குலம் காய்ந்த இலை பரப்பினால் கோடையில் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பரப்புங்கள்.

இலையைப் பார்த்தே பல கோளாறு சொல்லிவிடலாம். பழைய இலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்தது போலக் காய்ந்தால் உப்பு. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் நல்ல தண்ணீர் ஐந்தாறு குடம் ஊற்றிக் கழுவி இறக்குங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் வேர் மூச்சுத் திணறுகிறது. மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் அப்போது பலர் செய்யும் தப்பு. பூவரசின் நுனியில் பஞ்சு மாதிரி அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. ஹோஸால் வேகமாக அடித்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். மழைக்காலத்தையொட்டி வேம்பின் நுனிக்கிளைகள் கருகி நிற்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் கோடையில் மறுபடி துளிர்க்கும்.

புயல் காலத்துக்கான வேலை ஆகஸ்டிலேயே நடக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து இரண்டு தண்டு சம பலத்தில் பிரிந்து போனால், கன்றாக இருக்கும்போதே ஒன்றை எடுத்துவிடுங்கள். பின்னால் பிளப்பது அந்தக் கவையில்தான். உரசும் கிளை, காய்ந்த கிளை இரண்டையும் எடுங்கள். கீழ்க்கிளைகளை ஒரேயடியாகக் கழித்துத் தலையில் மட்டும் கொத்தாக இலை விட்டால் காற்றில் மரம் கொடிக்கம்பம் மாதிரி ஆடும். மொத்த உயரத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்கு இலையோடு இருக்க வேண்டும். தடித்த கிளையை அறுக்கும்போது முதலில் ஒரு அடி தள்ளி அடிப்பக்கம் பாதி அறுத்து, பிறகு அதைவிடச் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து இறக்கி, மிச்சக் கட்டையைக் கடைசியாக எடுங்கள். இல்லாவிட்டால் விழும் கிளை அடிமரத்தின் பட்டையைத் தோலுரித்துக்கொண்டு போகும். அடிமரத்தில் கிளை புடைத்துத் தொடங்கும் அந்த வளையத்தை வெட்டாமல் விடுங்கள். காயம் மூடுவது அங்கிருந்துதான்.

இ.பி. லைனைத் தொடும் கிளையில் நீங்கள் கை வைக்காதீர்கள். மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தியபின் வெட்டட்டும். தெருவோர மரத்தில் ஆபத்தாகத் தொங்கும் கிளைக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம். உங்கள் வாசலில் நீங்களே நட்டதானாலும் தெருவில் நிற்கும் மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. வடிகால் வேலைக்குத் தோண்ட வருகிறவர்களிடம் ஜே.சி.பி. இறங்கும் முன்பே, அடிமரத்திலிருந்து நான்கடிக்குள் கையால் தோண்டும்படி கேளுங்கள். அப்படியும் ஒருபக்க வேர் அறுபட்டுவிட்டால், அந்த வருட மழைக்கு முன் எதிர்ப்பக்கக் கிளைகளையும் சேர்த்துக் குறைத்து, பாரத்தைச் சமன் செய்துவிடுங்கள்.